நீல வாளி தெரிந்தால் வண்டி நிற்கும்

எந்த இடிபாட்டுக்குப் போனாலும் ராத்தா அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் நிற்பார். இரண்டு பருவங்கள் அவரோடு ஒரே வண்டியில் போயிருக்கிறேன். கற்பிட்டிக் கோட்டை வாசல், குதிரைமலையின் செங்கல் மேடு, அநுராதபுரத்துக் கல்தூண்கள் என்று எதையும் அவர் நேரே நின்று பார்த்து நான் காணவில்லை. பார்க்க வந்தவர்களின் முகங்களைத்தான் பார்ப்பார். முதல் மாதம் அதை அறியாமை என்று நினைத்தேன். அப்படி நினைப்பது எனக்கு நிம்மதியாக இருந்தது.

மூத்த சகோதரியை எங்கள் பக்கத்து முஸ்லிம் வீடுகளில் ராத்தா என்பார்கள். கனமூலையிலிருந்து வேலைக்கு வந்த அவரை முதலாளி, ஓட்டுநர், படகுக்காரர்கள் எல்லோரும் அப்படியே கூப்பிட்டார்கள். கற்பிட்டியில் கத்தோலிக்க மீன்பிடிக் குடும்பத்தில் பிறந்த நானும் அப்படியே கூப்பிட்டேன். அவர் என்னைவிடப் பத்து வயது மூத்தவர். வழிகாட்டிப் பரீட்சையில் என்னைவிடக் குறைந்த புள்ளி எடுத்தவர். இரண்டாவது விபரத்தை யாரும் எனக்குச் சொல்லவில்லை. நானாகத் தேடித் தெரிந்துகொண்டேன்.

நான் படித்தது நில அளவை. டிப்ளோமா முடித்துச் சில காலம் அளவைக் குழுக்களோடு காடு மேடெல்லாம் அலைந்த பிறகு, கற்பிட்டியில் இருந்த ஒரு சிறிய சுற்றுலா நிறுவனத்தில் சேர்ந்தேன். தமிழ் பேசும் குழுக்களை நான்கு நாட்கள் கூட்டிப் போவது அந்த நிறுவனத்தின் வேலை. கொழும்பிலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியைகள் வருவார்கள். கனடாவிலிருந்தும் மலேசியாவிலிருந்தும் உறவுக்காரக் கூட்டங்கள் வரும். பெரும்பாலும் பெண்கள், பெரும்பாலும் ஐம்பதைத் தாண்டியவர்கள். முதல் நாள் கோட்டையும் களப்பு என்கிற உப்பங்கழியும். இரண்டாம் நாள் கடலில் டொல்பின். மூன்றாம் நாள் எலுவன்குளத்தால் வில்பத்துக் காட்டுக்குள் புகுந்து குதிரைமலை. நான்காம் நாள் அநுராதபுரம். வண்டியின் முன்னால் ஒலிவாங்கியோடு நான். பின்னால், கடைசி இருக்கைக்கு முந்தியதில், ராத்தா. பதவியில் இருவரும் சமம்.

என் பயணத்தாளில் ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் ஆறு நிரல்கள் இருந்தன: வரும் நேரம், புறப்படும் நேரம், நடக்க வேண்டிய தூரம், நிழல் உண்டா இல்லையா, சொல்ல வேண்டியவை, கேட்கப்படக்கூடியவை. அந்தத் தாளை அடித்து நெகிழியில் பொதிந்து முதலாளியின் மேசையில் வைத்தபோது, "இப்பிடி ஒண்ட நான் இந்தத் தொழில்ல காணல்ல" என்றார் அவர். ராத்தாவும் எடுத்துப் பார்த்தார். மேலிருந்து கீழ்வரை விரலை ஓட்டி, திருப்பி, பின்பக்கத்தையும் பார்த்துவிட்டு, "வடிவா இரிக்கி தங்கச்சி. மூத்திரம் பெய்யிற இடம் எங்க?" என்று கேட்டார்.

முதலாளி சிரித்துவிட்டார். எனக்கு முகம் சூடாகிப்போனது.

அந்த நிரலை நான் மறந்ததாகச் சொல்ல முடியாது. அதில் நிரப்ப ஒன்றும் இல்லை என்று விட்டிருந்தேன். எங்கள் பாதையில் பொது மலசலகூடங்கள் குறைவு. இருப்பவற்றுக்குள் போய் வந்தவர்கள் அடுத்த முறை போக மாட்டார்கள். அதோடு எனக்கு அது ஒரு பிரச்சினையாகவே தோன்றியதில்லை. அளவைப் பயிற்சியில் ஏழெட்டு ஆண்களோடு வெட்டவெளியில் நாள் முழுக்க நின்ற காலத்தில், விடியற்காலையில் இருந்து தண்ணீரைத் தொடாமல் இருந்து, பின்னேரம் வீட்டுக்கு வந்து சேரும் வரை அடக்கிக்கொள்ளப் பழகியிருந்தேன். அதை ஒரு தகைமையாகவே வைத்திருந்தேன்.

ராத்தாவிடம் அந்த நிரல் இருந்தது, ஆனால் தாளில் இல்லை. மதுரங்குளிச் சந்தியில் ஒரு தையற்கடையின் பின்வீடு, எலுவன்குளத்தில் காட்டு வாசலுக்கு முந்திய ஒரு கச்சான் கடலைத் தோட்டத்து வீடு, அநுராதபுரத்தில் விளாம்பழச் சாறு விற்கும் ஒரு சிங்களப் பெண்ணின் வீடு என்று பாதை நெடுக ஏழு வீடுகள். ஏழிலும் துப்புரவான மலசலகூடம், உள்ளே தாழ்ப்பாள் போடக்கூடிய கதவு. ஒவ்வொரு வீட்டுக்கும் அவரே ஒரு நீல நிற நெகிழி வாளி வாங்கிக் கொடுத்திருந்தார். போகும்போதெல்லாம் சவர்க்காரமும் கொடுப்பார். வீட்டுக்கு ஆட்கள் வரலாம் என்றால் அந்த வாளியை வேலிக் கம்பில் கவிழ்த்து வைப்பார்கள். வாளி இல்லையென்றால் வண்டி நிற்காது. ஏன் இல்லை என்று பிறகும் கேட்கக் கூடாது. நோயோ, நொம்பலமோ, தண்ணீர் இல்லாத நாளோ, புருஷனோடு சண்டையோ, அது அந்த வீட்டின் விசயம்.

இது எதுவும் தெரியாத காலத்தில் ஓட்டுநர் திடீரென்று வேகத்தைக் குறைத்து, கண்ணாடி வழியாகப் பின்னால் பார்த்து, "ராத்தா, வாளி இல்ல" என்பார். "போங்க நானா, காரணம் இரிக்கும்" என்று, ஓட்டுநரை அண்ணன் முறை சொல்லி, பின்னாலிருந்து குரல் வரும். நடுவில் ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு நான். "என்ன வாளி?" என்று ஒருமுறை கேட்டேன். "அது எங்கட கதை தங்கச்சி, நீங்க சொல்லுங்க" என்றார் ஓட்டுநர். எங்கட என்ற அந்தச் சொல் அன்று முழுக்க எனக்குள் உறுத்திக்கொண்டே இருந்தது.

அவர் எப்படித்தான் கண்டுபிடிப்பாரோ தெரியாது. வண்டியில் ஏறும்போதே சொல்லிவிடுவார், இவருக்கு முழங்கால் நோகுது, அவருக்கு மருமகளோடு கதை இல்லை, மூன்றாம் இருக்கை மனுஷி வெட்கப்பட்டு எதையும் கேட்க மாட்டா என்று. ஒரு கனடாக் குழுவில் வந்த நடுத்தர வயதுப் பெண் ஒருவர் காலையுணவின்போது வெளிறிப்போய் உட்கார்ந்திருந்தார். ராத்தா அவரிடம் ஒன்றும் கேட்கவில்லை. கடந்து போகும்போது செய்தித்தாளில் சுற்றிய ஒரு சின்னப் பொதியை அவருடைய கைப்பைக்குள் போட்டுவிட்டுத் தேத்தண்ணீர் வாங்கப் போய்விட்டார். ஐந்து நிமிடம் கழித்து அந்தப் பெண் என்னைத் தாண்டி ராத்தாவிடம் போய்த் தோளில் கையை வைத்தார். பயணத்தில் யாருக்கும் திடீரென்று மாதவிடாய் வந்தால் என்ன செய்வது என்பது என் தாளில் எந்த நிரலிலும் இல்லை.

அநுராதபுரத்தில் நான் மிகவும் விரும்பிச் சொல்லும் இடம் ஒன்று உண்டு. நகரத்தின் மேற்கே, மரங்களுக்குள், கந்தலாடை உடுத்து வாழ்ந்த துறவிகளின் மடங்கள் இடிந்து கிடக்கின்றன. அலங்காரம் எதுவும் வேண்டாம் என்று வாழ்ந்தவர்கள். தூணில்கூட ஒரு பூவைச் செதுக்கவில்லை. ஆனால் அவர்கள் சிறுநீர் கழிக்கும் கல்லில் மட்டும் அப்படியொரு வேலைப்பாடு. செல்வச் செழிப்பில் வாழ்ந்த மற்ற மடங்களின் அலங்காரத்தை இகழத்தான் அப்படிச் செய்தார்கள் என்று ஒரு விளக்கம் இருக்கிறது. அதை நான் பன்னிரண்டு நிமிடம் சொல்வேன். எந்த இடத்தில் நிறுத்த வேண்டும், எந்த இடத்தில் ஆட்கள் ஆச்சரியப்படுவார்கள் என்று எல்லாமே எனக்குத் தெரியும்.

அன்று ஏழாவது நிமிடத்தில் ராத்தா பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னார்.

"தங்கச்சி, சுருக்குங்க. முன்னால நாலு பேர் கால மாத்தி மாத்தி நிக்கிறாங்க."

"இன்னும் அஞ்சு நிமிஷம்தான் ராத்தா."

"அஞ்சு நிமிஷம் அவங்களுக்கு இல்ல."

நான் கேட்காதது போல் தொடர்ந்தேன். அவர் அந்தக் கல்லுக்கு முதுகைக் காட்டித் திரும்பி, கூட்டத்தைப் பார்த்துச் சொன்னார்.

"ஆயிரம் வருஷத்துக்கு முந்தி இந்த வேலைக்கு எண்டு ஒரு கல்லச் செதுக்கி வச்சிரிக்காங்க, பாருங்க. இப்ப எங்களுக்கு ஒரு கதவு இல்ல. வாங்க, கதவு இரிக்கிற இடத்துக்குப் போவோம்."

இருபது பெண்கள் ஒரே நேரத்தில் சிரித்தார்கள். அப்படி ஒரு சிரிப்பை என் பன்னிரண்டு நிமிடத்தில் நான் ஒருநாளும் வாங்கியதில்லை. விளாம்பழச் சாறு விற்கும் பெண்ணின் வீட்டை நோக்கி எல்லோரும் நடந்தார்கள். யாழ்ப்பாணத்திலிருந்து கனடாவுக்குப் போன ஓர் அம்மா மட்டும் என்னிடம் திரும்பி வந்து, "குறை நினையாதையும் பிள்ளை, நீர் நல்லாத்தான் சொன்னனீர். எனக்குத்தான் ஒண்டும் காதில ஏறேல்லை" என்றார். அவர்கள் திரும்பி வந்ததும் அதே கல்லின் முன்னால் நின்று, இப்போது சொல்லு என்று என்னைக் கேட்டார்கள். முதலில் இருந்து சொன்னேன். கேள்விகள் கேட்டார்கள். நான் வழிகாட்டியாக இருந்த நாட்களில் மிகச் சிறந்த அரைமணித்தியாலம் அதுதான். அதை எனக்கு ராத்தா கொடுத்தார் என்பதுதான் பொறுக்கவில்லை. அவர் மரத்தடியில் எங்களுக்கு முதுகு காட்டி உட்கார்ந்து, சாற்றுக்காரியோடு சிங்களத்தில் ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார்.

போத்தல் விசயமும் அவருடைய கண்டுபிடிப்புத்தான். எலுவன்குளத்தில் ஜீப்புகளுக்கு மாறிக் காட்டுக்குள் போகும் நாளில் ஆளுக்கு ஒன்றரை லீற்றர் தண்ணீர்ப் போத்தல் கொடுப்போம். அது என் தாளில் உண்டு. பின்னேரம் வண்டிக்குத் திரும்பியதும் நான் ஆட்களை எண்ணுவேன், அவர் போத்தல்களை எண்ணுவார். நிறைந்து திரும்பி வருபவற்றைத் தூக்கி ஆட்டிப் பார்த்துப் பெருமூச்சு விடுவார். தண்ணீர் மிச்சம் என்று நான் நினைத்தேன்.

ஒருநாள் கொழும்பு ஆசிரியைகளோடு குதிரைமலையில் நின்றோம். செம்மண் மேடு சரேலென்று கடலில் இறங்கும் இடம் அது. மேலே செங்கல்லும் சாந்தும் கலந்த பழைய அடித்தளம் ஒன்று இருக்கிறது. பெரிய குதிரைச் சிலை ஒன்று அங்கே நின்றதாம், அல்லி அரசி அங்கிருந்து ஆண்டாளாம் என்று எங்கள் பக்கத்தில் கதை. வெயில் செம்மண்ணில் பட்டு முகத்தில் அடிக்கிறது. நான் அல்லி அரசியை முடித்து முத்துக்குளிப்புக்கு வந்துகொண்டிருந்தேன். ராத்தா கையைக் காட்டி என்னை நிறுத்தச் சொன்னார். போன கிழமைதான் அநுராதபுரத்தில் என் கூட்டத்தைக் கூட்டிக்கொண்டு போனவர். இங்கேயுமா என்று நினைத்து, குரலை இன்னும் உயர்த்தினேன். ஒரு ஆசிரியை அப்படியே மடிந்து செம்மண்ணில் சரிந்துவிட்டார்.

ராத்தா ஓடிப்போய்த் தலையை மடியில் எடுத்து, முந்தானையை நனைத்துத் துடைத்தார். கொஞ்ச நேரத்தில் ஆசிரியை கண்ணைத் திறந்தார், பெரிதாக ஒன்றும் ஆகவில்லை. ஜீப்பில் ஏற்றிய பிறகு ராத்தா அந்த ஆசிரியையின் போத்தலை என் கையில் தந்தார்.

"பாருங்க தங்கச்சி. மூடியே உடையல்ல."

"நான் எல்லாருக்கும் குடுத்தேன் ராத்தா. எண்ணித்தான் குடுத்தேன்."

"குடுத்தது சரி. குடிச்சா எங்க போறது எண்டு பயம். விடிஞ்சதுல இருந்து ஒரு சொட்டு குடிக்கல்ல அவ. எலுவன்குளத்துல இறங்கவும் இல்ல, ஆம்புளைகள் ஜீப்புல பாத்துக்கொண்டு இருக்காங்க எண்டு." கொஞ்சம் நின்று, என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "நீங்களும் ஒருநாளும் இறங்கல்ல."

"எனக்குத் தேவையில்ல."

"ஓம்" என்றார். அந்த ஓமில் ஒன்றும் இல்லை. ஆனால் நான் அதைப் பல நாள் எடுத்து எடுத்துப் பார்த்தேன்.

அந்தப் பருவத்தின் கடைசியில் முதலாளி இருவரையும் கூப்பிட்டுச் சொன்னார்: அடுத்த பருவத்தில் மலேசியாவிலிருந்து முப்பது பேர் வருகிறார்கள். நான்கு நாள் அல்ல, பன்னிரண்டு நாள். எங்கள் கரையில் தொடங்கி, அநுராதபுரம், சிகிரியா, பொலன்னறுவை, திருகோணமலை, யாழ்ப்பாணம். அதற்குத் தலைமை வழிகாட்டி ஒருவர்தான், அவரே நிறுவனத்தின் நிரந்தரத் தலைமை வழிகாட்டி. வந்தவர்களின் அபிப்பிராயத்தைக் கேட்டு முடிவெடுக்கலாம் என்றார். "கொம்பியூட்டர் தெரிஞ்ச புள்ள நீங்கதானே, ஒரு படிவம் அடிங்க."

அந்த வேலை எனக்கு எவ்வளவு வேண்டும் என்பது எனக்கும் அலுமாரியில் இருந்த என் வரைபடங்களுக்கும் மட்டும் தெரியும். பன்னிரண்டு நாள் பாதையை ஒரு வருடத்துக்கு முன்பே நான் வரைந்து வைத்திருந்தேன், யாரும் கேட்காமலே.

படிவத்தில் எட்டுக் கேள்விகள். சொன்ன தகவல் சரியாக இருந்ததா. விளக்கம் தெளிவாக இருந்ததா. குரல் கேட்டதா. நேரம் தவறாமல் நடந்ததா. கேள்விகளுக்கு விடை கிடைத்ததா. வரைபடம் உதவியதா. பாதுகாப்பு அறிவுறுத்தல் போதுமா. வரலாற்றறிவு எப்படி. ஒவ்வொன்றுக்கும் இரண்டு பெட்டிகள், ஒன்று எனக்கு, ஒன்று அவருக்கு, ஐந்துக்குப் புள்ளி. ஒரு கேள்விகூடப் பொய்க் கேள்வி இல்லை. எந்தச் சுற்றுலா நிறுவனமும் கேட்கக்கூடிய கேள்விகள்தான். அவர் செய்யும் எதைப் பற்றியும் அதில் ஒரு கேள்வி இல்லை என்பதை நான் அடிக்கும்போதே அறிவேன்.

படிவங்களை வண்டியில் கொடுத்தது ராத்தாதான். பேனாவும் அவரே கொடுத்தார். "எல்லாக் கேள்விக்கும் எழுதுங்க, விடக் கூடாது. தங்கச்சி கஷ்டப்பட்டுச் செஞ்சது" என்று இருக்கை இருக்கையாகச் சொல்லிக்கொண்டு போனார்.

எழுதினார்கள். முன்பக்கத்தில் எனக்குப் புள்ளிகள் போட்டார்கள். பிறகு தாளைத் திருப்பினார்கள். பின்பக்கத்தில் கேள்வி இல்லை, கோடு இல்லை, வெறும் வெள்ளை. அங்கே எழுதியிருந்தார்கள். என் மாமியாரை யாருக்கும் தெரியாமல் கையைப் பிடித்துக் கூட்டிப் போனார், மாமியார் இன்னும் அந்தக் கதையைத்தான் சொல்கிறார் என்று ஒருவர். நீல வாளி வீட்டுப் பிள்ளைகளுக்கு என் அன்பு என்று ஒருவர். வெளிநாட்டிலிருந்து வந்து முதல் தடவையாக ஒரு பயணத்தில் பயப்படாமல் தண்ணீர் குடித்தேன் என்று ஒருவர். அதை எழுதியவர் பெயரும் போடவில்லை. எழுத்து சின்னதாக, சாய்வாக இருந்தது.

முன்பக்கங்களைக் கணினியில் ஏற்றினேன். பின்பக்கங்களை ஏற்றவில்லை. அவற்றுக்கு நிரல் இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். தாள்களை ஒரு கோப்பில் போட்டு, கோப்பை அலுமாரியில் என் துணிகளுக்குக் கீழே வைத்தேன். முதலாளிக்கு ஒரு பக்க அட்டவணை போனது.

"ராத்தா, தங்கச்சிக்குத்தான் புள்ளி கூட" என்றார் அவர், கொஞ்சம் சங்கடத்தோடு.

"அல்ஹம்துலில்லாஹ். நல்லாச் சொல்லும் புள்ள" என்றார் ராத்தா. பிறகு என்னிடம், "எலுவன்குளத்துல மட்டும் நிப்பாட்டிப் போங்க. அதுக்கு அங்கால காடுதான்" என்றார். எனக்கு அது தோற்றவர் கடைசியாகப் போடும் கட்டளையாகக் கேட்டது. "பாப்பம்" என்றேன்.

மலேசியாக்காரர்கள் வந்தபோது அவர் எங்கள் நிறுவனத்தில் இல்லை. பெண்களை மட்டும் கூட்டிப் போகச் சொந்தமாக ஒரு வான் வண்டி எடுத்திருக்கிறார் என்று ஓட்டுநர் சொன்னார். அவர் அதைச் சொன்ன விதத்தில் பெருமை இருந்தது. முதல் நாள் மதுரங்குளிச் சந்தியில் தையற்கடை வேலியில் வாளி கவிழ்ந்து கிடந்தது. ஓட்டுநர் வேகத்தைக் குறைத்தார்.

"நிப்பாட்டவா?"

"நேரமில்ல."

வேகத்தைக் கூட்டினார். அன்று கோட்டையில் என் பேச்சு நன்றாக இருந்தது என்றுதான் நினைக்கிறேன். வேறு யாரும் சொல்லவில்லை.

மூன்றாம் நாள் விடிந்தும் விடியாத நேரத்தில் எலுவன்குளத்துக்குப் போகும் வழியில் நானே போத்தல்களைக் கொடுத்தேன். ஒரு மலேசிய அம்மா மூடியில் கையை வைத்துக்கொண்டு கேட்டார்.

"உள்ள டாய்லெட் இருக்காம்மா?"

"இல்லம்மா. நாலு மணித்தியாலம் செல்லும் வெளிய வர."

அவர் தலையை ஆட்டி, மூடியிலிருந்து கையை எடுத்து, போத்தலை அப்படியே பைக்குள் வைத்தார். பக்கத்தில் இருந்தவர் அதைப் பார்த்துவிட்டுத் தானும் வைத்தார். அதற்குப் பின்னால் இருந்தவரும். ஒரு வரிசை முழுக்க அது நடந்து போவதை நான் நின்று பார்த்தேன். இரண்டு பருவங்கள் வண்டியின் முன்னால் நின்றிருக்கிறேன். ஒரு தடவையும் அதைப் பார்த்ததில்லை.

குளக்கட்டைத் தாண்டியதும் கச்சான் தோட்டத்து வேலியில் நீலமாக ஒன்று தெரிந்தது. ஓட்டுநர் என்னைக் கேட்கவில்லை. நான்தான் "நிப்பாட்டுங்க" என்றேன்.

வீட்டு அக்கா கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். என்னைவிடக் கொஞ்சம் மூத்தவர், வெயிலில் கறுத்த முகம். இரண்டு பருவம் வண்டிக்குள் இருந்து அவரைப் பார்த்திருக்கிறேன், ஒரு சொல் பேசியதில்லை. பெண்கள் வரிசையாக இறங்கிப் போனார்கள். ஓட்டுநர் வழக்கம்போல் வண்டியைக் கொஞ்சம் தள்ளி, முகம் அந்தப் பக்கமாக இருக்கும்படி நிறுத்தினார். அதுவும் ராத்தாவின் ஏற்பாடாகத்தான் இருக்கும்.

"ராத்தா வரமாட்டா. இனி நான்தான்" என்றேன்.

"தெரியும். போன மாசம் பஸ் எடுத்து வந்து சொல்லிப்போட்டுத்தான் போனவ. எல்லா வீட்டுக்கும் போனவவாம்."

"என்ன சொன்னவ?"

"புதுசா ஒரு பிள்ளை வரும், வாளியைப் போடுங்க எண்டு." அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "நீங்க போகல்லையா?"

"எனக்குத் தேவையில்ல அக்கா."

அவர் வாயைப் பொத்திச் சிரித்தார். "இதத்தான் சொல்லுவீங்க எண்டும் சொன்னவ."

எனக்குக் கோபம் வந்தது. "வேற என்ன சொன்னவ?"

"அந்தப் பேப்பர் கதையும் சொன்னவ. எட்டுக் கேள்வி, எட்டும் அந்தப் புள்ளைக்கே அளவெடுத்துத் தைச்ச சட்ட மாதிரி இரிக்கி எண்டு." அக்கா ராத்தாவின் குரலிலேயே சொன்னார்.

மலேசியப் பெண்கள் தோட்டத்தில் நின்று அவித்த கச்சானைத் தின்றுகொண்டிருந்தார்கள். யாருக்கும் கேட்டிருக்காது.

"கோவமாச் சொன்னாவா?"

"கோவமா? விழுந்து விழுந்து சிரிச்சவ. 'அதுக்கு முன்னுக்கு நிக்க ஆசை, நிக்கட்டும். ஆனா ரெண்டு வருஷமா விடியக்காலையில இருந்து அடக்கிக்கொண்டு நிக்கிது. அது வந்தா ஒண்டும் கேக்காம கதவத் திறந்து விடுங்க' எண்டு சொன்னவ. நான்தான் கேட்டுப்போட்டன், பிழைதான். போங்க பிள்ளை, எல்லாரும் முடிஞ்சுது."

போனேன். நாலடிக்கு ஐந்தடி இருக்கும். தகரக் கதவு, உள்பக்கம் புதிதாக அடித்த தாழ்ப்பாள். கண்ணுயரத்துக்கு மேலே ஒரு சின்னச் சன்னல், வெளியே இருந்து யாராலும் பார்க்க முடியாத உயரத்தில். பையை மாட்ட ஓர் ஆணி. தரையில் தொட்டி நிறையத் தண்ணீர், புதுச் சவர்க்காரம். ஒவ்வொன்றும் இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது. அளவை படித்தவளுக்கு அதில் திருத்த ஒன்றும் இருக்கவில்லை. தாழ்ப்பாளைப் போட்டுவிட்டு நின்றேன். அவருக்கு நன்றி சொல்லத் தோன்றியிருக்க வேண்டும். எனக்குத் தோன்றியதோ, படிவத்தைக் கையில் வாங்கிய அன்றே எல்லாவற்றையும் படித்துவிட்டு, பேனாவோடு இருக்கை இருக்கையாகப் போன அந்த மனுஷியிடம் நான் ஒன்றையும் வெல்லவில்லை என்பதுதான். அடிவயிற்றுப் பாரம் இறங்கியது. பொறாமை இருந்த இடத்திலேயே இருந்தது.

வண்டிக்கு வந்ததும் எல்லோரையும் போத்தலைத் திறக்கச் சொன்னேன். திரும்பி வரும்போதும் இதே வீட்டில் நிற்போம் என்று ஒலிவாங்கியில் சொன்னேன். மூடிகள் உடையும் சத்தம் வரிசை வரிசையாகக் கேட்டது. நானும் ஒன்றைத் திறந்து குடித்தேன்.

அந்தப் பயணம் முடிந்த கிழமை, அலுமாரியிலிருந்து கோப்பை எடுத்துப் பின்பக்கங்கள் அனைத்தையும் ஒரு சொல் விடாமல் அடித்து முதலாளியின் மேசையில் வைத்தேன். படித்து முடிக்க அவருக்கு நேரமெடுத்தது.

"இத ஏன் அப்பவே தரல்ல?"

"தந்தா எனக்கு வேலை கிடைச்சிருக்காது."

அவர் தாள்களை அடுக்கி வைத்தார். பிறகு என் முன்னாலேயே ராத்தாவுக்குத் தொலைபேசி எடுத்தார். விசயத்தைச் சொல்லி, தலைமை வழிகாட்டியாகத் திரும்பி வரச் சொன்னார். மறுபக்கத்தில் நீண்ட சிரிப்பு எனக்கும் கேட்டது. "வான் எடுத்திட்டேனே தம்பி. தங்கச்சியே செய்யட்டும். அதுக்குப் பாதை எல்லாம் மனப்பாடம்" என்றார். இப்படியாக, நான் எடுத்துக்கொண்டதை அவர் எனக்குக் கொடுத்ததாக ஆக்கிவிட்டார்.

இப்போது நான்தான் தலைமை வழிகாட்டி. என் தாளில் ஏழு நிரல்கள் இருக்கின்றன. படிவத்தில் இன்னும் எட்டுக் கேள்விகள்தான், ஆனால் பின்பக்கத்தில் கோடு போட்டு விட்டிருக்கிறேன். அதில் கொஞ்சம் எழுதுகிறார்கள். பெரும்பாலும் என் விளக்கங்களைப் பற்றி.

போன மாதம் காட்டிலிருந்து திரும்பி எலுவன்குளத்து வீட்டுக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது ராத்தாவின் வெள்ளை வான் எங்களுக்கு முந்தியே வந்து அங்கே நின்றது. அவருடைய பெண்கள் தோட்டத்தில் நின்று சத்தமாகச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அவர் அவர்களைப் பார்த்தபடி நின்றார், முதுகுதான் எனக்குத் தெரிந்தது. திரும்பாமலே கையைத் தூக்கி ஆட்டினார். வண்டிச் சத்தத்திலேயே நான் என்று தெரிந்திருக்க வேண்டும். வானின் பின்கதவு திறந்திருந்தது. உள்ளே ஒரு சாக்கு நிறைய வெறும் போத்தல்கள், அத்தனையும் நசுங்கிக் கிடந்தன. ஒன்றுகூட நிறைந்து இருக்கவில்லை.

என் வண்டியில் பின்னேரங்களில் நான் எண்ணிப் பார்க்கிறேன். இன்னும் நாலைந்து மூடி உடையாமலே வருகின்றன.